பியூஸ் போன ஒழுங்கை

ஆனைக்கோட்டை. இரவு ஒன்றேகால்.
மழை விட்டும் விடாத நேரம்.
காய்ந்த தென்னோலை ஒன்று லைனில் விழுந்ததில்
நாற்பத்தொரு வீடு இருட்டு.
மின்சார சபை வானை மதகடியில் நிப்பாட்டி
யூட்சன் ஏணியை இறக்குகிறான்.
நான் ரோச் அடித்துப் பார்க்கிறேன்:
மதில் மேலே இரண்டு பச்சைச் சில்லறை.

எனக்கு மாலைக்கண்.
சபைக்குத் தெரியாது.
மனிசிக்குத் தெரியும்,
கறிக்குள் கையை விடும்போது
கோப்பையைப் பேசாமல் திருப்பி வைப்பாள்.

கண் கிளினிக்கில் நீலத் துண்டோடு
மூன்று மணித்தியாலம் குந்தியிருந்தேன்.
டொக்டர் பிள்ளைக்கு முப்பது வயது வராது.
சுவர்ப் படத்தில் பேனையை வைத்து,
'இந்தக் குச்சிக் கலங்கள்தான் மங்கலில் வேலை செய்யிறது,
உங்களுக்கு அவை ஒவ்வொன்றாய் லீவு போடுது' என்றா.
பென்சன் மட்டும் தாங்குமோ என்று கேட்டேன்.
அவ பூனையைப் பற்றிச் சொன்னா.

பூனைக்குக் குச்சிகள் தாராளம்.
போதாததற்கு விழித்திரைக்குப் பின்னால்
ஒரு கண்ணாடி.
உள்ளே போன வெளிச்சம்
முதல்தரம் பிடிபடாமல் தப்பினாலும்
கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வழியில்
இன்னொருதரம் மாட்டும்.
ரோச் அடித்தால் மினுங்குவது
அப்படியும் அகப்படாத மிச்சம்.

மிச்சமே இவ்வளவு பச்சை.

பொறாமை வராதோ?
நான் சோதித்தும் பார்த்தவன்.
டிப்போவில் மீற்றர் அடுக்குகிற அறைக்கு யன்னல் இல்லை.
கதவிடுக்கில் சாக்கை அடைத்தேன்.
டிப்போப் பூனை, பெயர் கெப்பாசிற்றர்,
என்னோடு உள்ளே.
சுத்தக் கறுப்பு.
காத்திருந்தோம், இரண்டுபேரும்.
பிறகு வாளி உருண்ட சத்தம்.
பிறகு, சின்னதாய், வெட்கப்பட்ட ஒரு மியாவ்.

ஒன்றுமே இல்லாத இடத்தில்
அதுவும் என் ஆள்தான்.
ஒரு சொட்டாவது வேண்டும் அதற்கு:
முகில் விலகின இடத்தில் ஒரு வெள்ளி,
கடல்நீரேரியில் இறால்காரனின் லாம்பு,
மதகில் யாரோ பற்ற வைத்த பீடி.
அந்தச் சொட்டை வைத்து
முழு ஒழுங்கையையும் கட்டி எழுப்பிவிடும்.

மூக்குக்கு முன்னால் வைத்த கருவாடு மட்டும்
சரியாய்த் தெரியாதாம்.
மீசையால் தடவித்தான் எடுக்குமாம்.
அந்த இடம் எனக்கு நல்லாய் விளங்கியது.
ஏணி பதினாலு படி.
நான் ஏறுவதில்லை, எண்ணுகிறேன்.

ஓலையைத் தட்டி விழுத்தியாயிற்று.
கையுறைக்குள் விரல்கள் பியூஸைத் தேடுகின்றன.
கீழே யூட்சன்
ரோச்சை என் கைக்கு அடிக்கவில்லை,
காலடிக்கு அடிக்கிறான்.
இரண்டு வருசமாய் இப்படித்தான்.
'அண்ணை, இடக்கால் கொஞ்சம்' என்பான்.
அதற்கு மேலே ஒரு சொல் இல்லை.
நானும் கேட்டதில்லை.

டக்.

எங்கேயோ ஒரு தண்ணீர் மோட்டர் உறுமுகிறது.
அணைக்க மறந்த தொலைக்காட்சியில்
யாரோ பாதிச் சிரிப்பிலிருந்து சிரிக்கிறார்கள்.
அழுதுகொண்டிருந்த குழந்தை
மின்விசிறி சுத்தினதும் நிப்பாட்டுகிறது.
தெருவிளக்கும் சேர்ந்து எரிய
மதிலில் இருந்ததின் கண் கோடாய்ச் சுருங்குகிறது,
பச்சை போய், வெறும் பூனை.
சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது.
எங்களை ஒரு பார்வை,
வேலையைக் கெடுத்தவர்களைப் பார்ப்பதுபோல.
பிறகு முதுகை வளைத்து நெளிந்து
விளக்கில்லாத வடலிக் காணிக்குள்
இறங்கிப் போகிறது.
எது எங்கே இருக்கிறதென்று
அங்கே அதற்குத் தெரியும்.

வான் கதவு திறந்திருக்கிறது.
உள்லைற்றைப் போட்டுவிட்டு நிற்கிறான் யூட்சன்,
போனைக் காதில் இடுக்கியபடி.
'அடுத்தது கொக்குவில், அண்ணை.
ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில ஏதோ மினுங்குதாம்.
பொறியோ பூனையோ
சொல்லத் தெரியேல்லையாம்.'